கூறு போட்ட மருந்து

நான்கு வருஷமாக வாய் திறக்காத தளவாய் அன்றைக்குப் பேசினான். அதைக் கேட்டதும் உலகம்மைக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது.

ஆராய்ச்சி மருத்துவமனையின் பின்பக்கம் சமையல்கட்டை ஒட்டி ஒரு தண்ணீர்த் தொட்டி உண்டு. காலை வெயில் ஏறுமுன் தம்பியைக் கைபிடித்து அந்த வழியாக நடக்கவைப்பது அவள் வழக்கம். அன்று யாரோ தொட்டியின் மூடியைத் திறந்துபோட்டு உள்ளே கழுவிக்கொண்டிருந்தார்கள். தளவாய் நின்றுவிட்டான். அவள் கையை நகம் பதியப் பிடித்தான். பிறகு, ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த கதவு திறப்பது போல ஒரு குரல் வந்தது.

"கிணத்துப் பக்கம் போவாத. விழுந்துருவ. உள்ள பச்சையா இருக்கும். மூச்சு விட முடியாது."

மூன்று வயசில் கடைசியாக அவன் வாயில் மிஞ்சியிருந்தது "பால்" என்ற ஒரு சொல். பிறகு அதுவும் போய்விட்டது. இப்போது ஒரே மூச்சில் இத்தனை சொல். ஆனால் தளவாய் கிணற்றைப் பார்த்ததே இல்லை. அவர்கள் தெருவில் குழாய்த் தண்ணீர்தான். கிணற்றில் விழுந்து, உயிர் போகும் நேரத்தில் தூக்கப்பட்டது பவித்ரா. முப்பிடாதி அத்தையின் மகள். வார்டில் தளவாய்க்கு அடுத்த கட்டில்காரி.

உலகம்மை சுற்றும்முற்றும் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. தம்பியின் வாயைத் தன் கையால் மெல்லப் பொத்தினாள். பொத்திய பிறகுதான், என்ன காரியம் செய்கிறோம் என்று உறைத்தது.

அவர்கள் பக்கம் ஏழெட்டு ஊர்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுப்பார்கள். அத்தை மகன், தாய்மாமன், இல்லையென்றால் ஒன்றுவிட்ட முறை. அந்த ஊர்களில் சில வீடுகளில் பிள்ளைகள் ஓடியாடிப் பேசி விளையாடும். மூன்று வயசுக்கு மேல் ஒவ்வொரு சொல்லாக விட்டுவிடும். அப்புறம் சிரிப்பு போகும். கடைசியில் நடை. "பிள்ளை அடங்கிப்போச்சு" என்பார்கள். சாமி குத்தம் என்று கோயில் கொடைகூட நடத்திப் பார்த்தார்கள். டாக்டர் யாமினி ஊருக்கு வந்து ரத்தம் எடுத்த பிறகுதான் அது பரம்பரையாக வரும் மரபணுக் கோளாறு, உலகத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை என்று தெரிந்தது. எட்டு வயசுக்கு உட்பட்ட ஆறு பிள்ளைகளை மருந்துச் சோதனைக்கு எடுத்தார்கள். எட்டு தாண்டினால் மூளை மருந்தை வாங்காதாம்.

வீட்டில் கைப்பிள்ளையும் பீடி சுற்றும் தட்டுமாக அம்மாவால் நகர முடியாது. அப்பா கேரளாவில் கட்டட வேலை. அதனால் உலகம்மை பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் தம்பியோடு வந்தாள். நாலு பேர் கூடிய இடத்தில் தலை நிமிராத பெண். வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே வியர்த்துவிடும். பள்ளிக்கூடம் நின்றுபோனதில் அவளுக்குப் பெரிய வருத்தம் இல்லை. தம்பி தூங்கும்போது அவளுடைய சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டே தூங்குவான். அது போதும் என்று இருந்தாள்.

வந்த புதிதில் பிள்ளைகளிடம் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். தூங்கும்போது கம்பி வைத்த தொப்பி ஒன்றை மாட்டிவிட்டார்கள். ஒன்றரை வருஷம் அப்படியே போனது. அதன் பிறகுதான் மருந்து வந்தது. மூக்கில் விடும் சொட்டு மருந்து. அன்றைக்கு டாக்டர் யாமினி எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

"ஆறு பேர்ல ஒருத்தருக்கு மருந்து இல்ல, வெறும் தண்ணி. யாருக்குன்னு எனக்கும் தெரியாது. பாட்டிலெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். அப்பத்தான் மருந்து நிஜமாவே வேலை செய்யுதான்னு கண்டுபிடிக்க முடியும். அவங்கவங்க பாட்டிலை அவங்கவங்க பிள்ளைக்கு மட்டும் விடுங்க."

எல்லாரும் தலையாட்டினார்கள். டாக்டர் போனதும் சமையல்கட்டில் கூடினார்கள்.

"யாரோ ஒரு புள்ள நாதியத்துப் போவணுமாம்லா," என்றாள் முப்பிடாதி. குரலும் உடம்பும் பெரிசான பெண். வார்டில் அவள் வைத்ததுதான் சட்டம். "ஏட்டி, கொடையில கிடா வெட்டுனா எப்படிக் கூறு போடுவோம்?"

"எல்லா வீட்டுக்கும் சமமாத்தான்," என்றாள் அரியநாச்சி சித்தி.

"ஈரல?"

"ஈரலையும் பொடிசா நறுக்கி எல்லாக் கூறுலயும் ஒரு துண்டு வைப்போம். இல்லன்னா உங்க வீட்டுக்காரரு அடுத்த வருசம் கோயில் வரி குடுக்க மாட்டாவளே."

சிரிப்புக்கு நடுவே முப்பிடாதி ஒரு எவர்சில்வர் டம்ளரைக் கழுவி, துடைத்து, மேடையில் வைத்தாள். "எல்லாம் ஒரே ரத்தந்தான. ஊத்துங்கட்டி."

அன்றிலிருந்து தினமும் ஆறு பாட்டிலும் அந்த டம்ளரில் ஒன்றாகி, மறுபடி ஆறாகப் பிரிந்தது. உலகம்மையும் ஊற்றினாள். அது அவளுக்குத் தப்பாகவே தோன்றவில்லை. தன் தம்பிக்கு மட்டும் ஒன்றைத் தனியாக விட்டிருந்தால்தான் கூசியிருக்கும்.

*

தளவாய் பேசியதை அவள் முப்பிடாதியிடம்தான் முதலில் சொன்னாள். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எல்லாரும் சுற்றி வந்துவிட்டார்கள்.

"இதுக்கா முகத்தை இப்படி வச்சிருக்க? சீனி வாங்கி வாயில போடுவியா, அத விட்டுட்டு!"

"அத்தை, அவன் சொன்னது பவித்ரா விழுந்த கிணறு."

முப்பிடாதி கிளிப்பைக் கடித்துக்கொண்டு சேலையை உதறினாள். அரியநாச்சிதான் முப்பிடாதியைக் காட்டி மெதுவாக ஆரம்பித்தாள்.

"எம்புள்ள நிஷாந்த் நேத்து இவ சீலையப் பிடிச்சிக்கிட்டு யம்மாங்கான். நான் பக்கத்துலதான் நிக்கேன், வழி கேக்க வந்தவ மாதிரி."

"கூப்பிட்டா கூப்பிட்டுட்டுப் போறான். சோறு நீதான ஊட்டுத?" என்றாள் முப்பிடாதி. இந்தத் தடவை யாரும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை.

ஒவ்வொருத்தியிடமிருந்தும் விஷயம் வெளியே வந்தது. ஒருத்தி மகள் பார்த்திராத மாமனைப் பெயர் சொல்லிக் கேட்கிறாளாம். இன்னொருத்தியின் பையன் தங்கள் வீட்டில் இல்லாத ஆட்டுக்குட்டிக்கு அழுகிறானாம். எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே தனித்தனியாக மூடி வைத்திருந்தார்கள். அதற்குள்ளும் உலகம்மைக்கு ஒரு சின்ன ஏக்கம். தங்கள் வீட்டு வேப்பமரத்தைப் பற்றி, அம்மாவின் பீடித்தட்டைப் பற்றி, எந்தப் பிள்ளையாவது ஒரு சொல் சொல்லியிருக்கிறதா? ஒருத்தியும் அப்படி எதுவும் சொல்லவில்லை.

"டாக்டரம்மாட்ட சொல்லிருவோம் அத்தை," என்றாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை.

"என்னன்னு சொல்லுவ? நாங்க மருந்தக் கலக்கிட்டோம்னா? அடுத்த நிமிசம் மூட்டையக் கட்டச் சொல்லுவாவ. புள்ளைங்க திரும்ப அடங்கிப்போவும். வார திங்கக்கிழமை கடைசியா ஒரு ஊசி. அது போட்டுட்டா வந்தது போவாதுன்னுட்டாவ. அதுவரைக்கும் வாயப் பொத்திட்டு இரு."

"வந்தது யாரோடதுன்னே தெரியலையே."

"பேசுதுல்லா? அது போதும்!" முப்பிடாதியின் கண் கலங்கிவிட்டது. "அஞ்சு வருசம் கல்லாட்டம் கெடந்ததப் பாத்தவ நான். யாரு பேச்சா இருந்தா எனக்கென்ன?"

கடைசியில் ஆளாளுக்குப் பிள்ளையின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தார்கள். உலகம்மையும் தளவாயின் தலையில் கையை வைத்தாள். மயிர் சூடாக இருந்தது. இந்தச் சத்தியத்தை மீறினால் இந்தத் தலைக்குத்தான் கேடு என்று நினைத்ததும் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். மறுநாள் ஊசிக்குக் கையெழுத்துப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கையில் கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலம். வார்டு வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் நுழைவது போலத் தயங்கித் தயங்கி வந்தார்.

தளவாய் கட்டிலில் உட்கார்ந்து அவரையே பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு தெளிவாகச் சொன்னான்.

"அப்பா எரிஞ்சிட்டாவ. ஷெட்டுக்குள்ள. நீ யாரு?"

மிட்டாய்ப் பொட்டலம் கீழே விழுந்தது. அப்பா ஓடிவந்து அவனை அள்ளி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "பேசிட்டான்! யம்மா உலகு, தம்பி பேசிட்டான்ட்டி! அப்பாங்கான்! கேட்டியா, அப்பாங்கான்!" தோள் குலுங்க அழுதார். அப்பா என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் அவர் காதில் ஏறவேயில்லை.

தளவாய் அவர் பிடியில் திமிறினான். "விடு! அப்பா எரிஞ்சிட்டாவ! விடு!" என்று அலறினான். நெருப்பைப் பார்த்தவனின் கண்கள் அவை. எதிர்க் கட்டிலில் அரியநாச்சி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் புருஷன் பட்டாசு ஷெட்டில் வெந்துபோனார். அப்போது நிஷாந்துக்கு இரண்டு வயசு. அவள் இடுப்பில் இருந்துகொண்டு அத்தனையையும் பார்த்தான்.

உலகம்மை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். உயிரோடு இருக்கிற அப்பாவுக்காகத் தம்பி சாவு வீட்டு அழுகை அழுகிறான். நாளைக்கு ஊசி போட்டுவிட்டால் இந்த நெருப்பு அவன் தலைக்குள் சாகும்வரை எரியும். நிஷாந்துக்கும் பவித்ராவின் கிணறு. பவித்ராவுக்கு இன்னும் யாருடையதோ. எழுந்து நடந்தாள். முப்பிடாதி பின்னால் "ஏட்டி, எங்க போற? உலகு!" என்று கூப்பிட்டது கேட்டது. நின்றால் மறுபடி கால் நகராது என்று அவளுக்குத் தெரியும்.

டாக்டர் யாமினி தன் அறையில் டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னம்மா? தம்பி பேசிட்டானாமே! நர்ஸ் சொன்னாங்க. நானே வர இருந்தேன்."

"டாக்டரம்மா, நாங்க கலக்கிட்டோம்."

"எதை?"

உலகம்மை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். டம்ளரை, கிணற்றை, ஷெட்டை, சத்தியத்தை, எல்லாவற்றையும். சொல்லி முடித்து நிமிர்ந்தபோது டாக்டரின் கை சாதத்திலேயே இருந்தது.

"எத்தனை நாளா?"

"மருந்து வந்ததுலேர்ந்து."

டாக்டர் எழுந்து கையைக் கழுவினார். குழாயை மூட மறந்து திரும்பி வந்தார். உலகம்மை போய் அதை மூடினாள்.

"அது ஒரே மருந்து இல்லம்மா," என்றார் டாக்டர். "ஒவ்வொண்ணும் வேற. பவித்ரா மருந்து பவித்ராவோட ரத்தத்துலேர்ந்து வளர்த்தது. லேப்ல பட்டாணி அளவுக்கு மூளைத் துணுக்கு மாதிரி ஒண்ணு வளர்ப்போம். கோளாறைச் சரிபண்ணி அதுலேர்ந்துதான் சொட்டு மருந்து எடுப்போம். ஆனா அந்தத் துணுக்குக்குத் தான் யாருன்னு தெரியாதுல்ல? அதனாலதான் அந்தத் தொப்பி. தூங்கும்போது பிள்ளையோட தலைக்குள்ள ஓடுறதை எடுத்து, மாசக்கணக்கா அதுக்குக் கேட்க வச்சோம். அப்படிப் பழக்கினாத்தான் உடம்பு அதைத் தன்னோடதுன்னு ஏத்துக்கும். தாளம் மாதிரி ஒண்ணு மட்டும்தான் ஒட்டும்னு நினைச்சோம். நினைவும் சேர்ந்து போகும்னு..." நிறுத்திக்கொண்டார். "எங்களுக்கே தெரியாது."

"இப்ப சரிபண்ண முடியாதா?"

"முடியும். இன்னைக்கே கலக்குறதை நிறுத்திட்டா முடியும். ஊசியைத் தள்ளிப்போடணும். அவங்கவங்க மருந்தை மட்டும் குடுத்துட்டு வந்தா, கொஞ்ச நாள்ல மத்தவங்களோடது தானா உதிர்ந்துடும். சொந்தம்தான் ஜெயிக்கும். நாளைக்கு ஊசி போட்டிருந்தா அவ்வளவுதான். நீ ஆறு பிள்ளைங்களைக் காப்பாத்தியிருக்கே உலகம்மை."

உலகம்மை நாற்காலியில் உட்கார்ந்தாள். எவ்வளவோ நாளுக்குப் பிறகு மூச்சு முழுசாக உள்ளே போனது.

"யாருக்குத் தண்ணின்னு இப்போ பார்த்தாகணும்," என்று டாக்டர் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினார். யாருக்கோ போன் செய்தார், ஆங்கிலத்தில் வேகமாகப் பேசினார், காத்திருந்தார். திரையில் ஏதோ வந்தது. அவர் அதைப் படித்தார். பிறகு திரும்பவே இல்லை.

முதுகைப் பார்த்தே உலகம்மைக்குப் புரிந்துவிட்டது. வேப்பமரம் யாருக்கும் வராதது ஏனென்றும் புரிந்தது.

"எங்க தளவாய்க்கா?"

டாக்டர் ஆமென்று தலையை அசைத்தார்.

"அப்ப அவனுக்குச் சொந்த மருந்தே இல்லையா?"

"அவனுக்கும் தொப்பி போட்டோம், ரத்தம் எடுத்தோம். ஆனா மருந்து வளர்க்கலை. இப்ப ஆரம்பிச்சா ஒன்றரை வருஷம் ஆகும். அவனுக்கு இன்னும் கொஞ்ச நாள்ல எட்டு முடியுது."

"நாங்க கலக்காம இருந்திருந்தா?"

"அடங்கியே இருந்திருப்பான்."

"உங்களுக்குத் தெரியுமா, டாக்டரம்மா? தெரிஞ்சேதான் குடுத்தீங்களா?"

"யாருக்குன்னு தெரியாது." டாக்டரின் குரல் உடைந்தது. "யாரோ ஒருத்தருக்குன்னு தெரியும்."

உலகம்மைக்குத் திட்டத் தெரியாது. அழவும் வரவில்லை. முப்பிடாதி அத்தை முதல் நாள் சொன்னதுதான் காதுக்குள் நின்றது. யாரோ ஒரு புள்ள.

"அவன் இப்ப பேசுற பேச்செல்லாம்?"

"மத்த அஞ்சு பேரோடது. நாளைலேர்ந்து கலக்குறது நின்னுடும். அவங்களுக்குச் சொந்தம் வளரும். அவனுக்கு வர்றது வெறும் தண்ணி. ஒரு மாசத்துல பேச்சு போயிடும். அப்புறம் நடையும்."

"வேற வழியே இல்லையா?"

டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். "ஒண்ணு இருக்கு. அவனுக்கு மட்டும் நாளைக்கே அந்த ஊசியைப் போடலாம். இப்ப இருக்கிறது அப்படியே நிலைச்சிடும். பேசுவான், நடப்பான், பள்ளிக்கூடம்கூடப் போவான். மேலிடத்துல நான் பேசிக்கறேன். ஆனா அவன் பார்க்காத கிணறு, அவனுக்கு நடக்காத நெருப்பு, எல்லாம் கூடவே இருக்கும். உங்க அம்மாவைப் பார்த்து யாருன்னு கேட்டாலும் கேட்பான். உன்னையும் கேட்பான்."

"அவன் உள்ள இருக்க மாட்டானா?"

"இருப்பான். எவ்வளவு இருப்பான்னு எனக்குத் தெரியாதும்மா. பொய் சொல்ல விரும்பலை."

சத்தியத்தை மீறியது அந்தத் தலையில்தான் விடிந்திருக்கிறது என்று உலகம்மை நினைத்தாள். ஐந்து பிள்ளைகளும் தாங்களாகவே திரும்பி வரும். திங்கட்கிழமைவரை வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தளவாயும் அவர்களில் ஒருத்தனாக, எல்லாரும் எல்லாராகவும் கலந்து, யாருக்கும் தெரியாமல் வளர்ந்திருப்பான். இனி அவன் ஒருத்தன்தான் அப்படி.

அப்பா வராந்தாவில் குந்தியிருந்தார். அவள் சொன்னதில் பாதிதான் அவருக்கு விளங்கியது. கடைசியில், "எனக்கு என்ன தாயி தெரியும்? நீதான அவன்கூடக் கெடக்க. நீ சொல்லுத எடத்துல கையெழுத்துப் போடுதேன்," என்றார்.

பேசாமல், அசையாமல், தன் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு கிடக்கும் தம்பியை அவளுக்குத் தெரியும். அவன் அவளுடைய தம்பிதான். ஆனால் அவன் பிடியும் ஒருநாள் தளர்ந்துவிடும். ஊரில் அடங்கிப்போன பிள்ளைகள் எவ்வளவு நாள் இருந்தன, எப்படிப் போயின என்பதையும் அவள் பார்த்திருக்கிறாள்.

"ஊசி போடச் சொல்லிருவோம்ப்பா," என்றாள்.

*

அவள் வார்டுக்குத் திரும்பியபோது டாக்டர் வந்து எல்லாரிடமும் பேசிவிட்டுப் போயிருந்தார். பாட்டில்களை நர்ஸ் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இனி அவளே தன் கையால் சொட்டு விடுவாளாம். யாரும் உலகம்மையை ஏறிட்டுப் பார்க்கவில்லை. தளவாய் அழுது ஓய்ந்து தூங்கிக்கொண்டிருந்தான். தூக்கத்தில் உதடு அசைந்தது. என்ன சொல்கிறான், அது யாருடைய கனவு என்று தெரியவில்லை.

அவள் முப்பிடாதியின் கட்டிலருகே போய் நின்றாள். முப்பிடாதி பவித்ராவுக்கு எண்ணெய் தேய்த்துத் தலை வாரிக்கொண்டிருந்தாள்.

"வாக்குத் தவறிட்டு எதுக்குட்டி இங்க வந்து நிக்க?"

"அத்தை."

"போ அங்கிட்டு."

உலகம்மை போகவில்லை. அவளுக்கு முகமெல்லாம் வியர்த்திருந்தது. ஆனாலும் கேட்டாள்.

"பவித்ராவுக்கு என்னத்தக் கண்டா பயம் அத்தை?"

முப்பிடாதியின் சீப்பு நின்றது.

"கிணறு எனக்குத் தெரியும். வேற என்ன? அழுதா எப்படி அமத்துவீங்க? தூங்க வைக்க என்ன பாட்டு படிப்பீங்க? எனக்குச் சொல்லுங்க. அப்புறம் அரியநாச்சி சித்திட்ட நிஷாந்துக்கு என்னன்னு கேக்கணும். எல்லார்ட்டயும் கேக்கணும். நாளைலேர்ந்து அதெல்லாம் எந் தம்பிக்கு வேணும்."

முப்பிடாதி தளவாயின் கட்டிலைப் பார்த்தாள். அந்தப் பெரிய குரல் எங்கேயோ போய்விட்டிருந்தது. சீப்பை மடியில் வைத்தாள்.

"மின்னல் வெட்டுனா பயப்படுவா," என்றாள் மெதுவாக. "காதப் பொத்தக் கூடாது. உள்ளங்காலத் தேச்சுவிடணும்."

எதிர்க் கட்டிலிலிருந்து அரியநாச்சி எழுந்து வந்துகொண்டிருந்தாள். உலகம்மை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"மெதுவாச் சொல்லுங்க," என்றாள். "ஒண்ணு விடாமச் சொல்லுங்க."